வீட்டிலேயே குண்டுமல்லிப் பதியன் போடலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குண்டுமல்லிக் குச்சி பட்டுப்போக முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, மேலே இலை காய்ந்துவிடும். இல்லாவிட்டால் கீழே அடி அழுகிவிடும். வேரில்லாத தண்டை ஐந்தாறு வாரம் காயவும் விடாமல் அழுகவும் விடாமல் காப்பாற்றுவதுதான் வேலை. கீழே உள்ள பதில்களில் எது புரியாமல் போனாலும், "இது இலை காய்வதைத் தடுக்கவா, அடி அழுகுவதைத் தடுக்கவா?" என்று கேட்டுப் பாருங்கள், விளங்கிவிடும்.

குண்டுமல்லியை விதை போட்டு வளர்க்க முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பூவுக்காக வளர்க்கும் குண்டுமல்லி காய் பிடிப்பது மிக அரிது. தலைமுறை தலைமுறையாகக் குச்சியும் பதியனும்தான் அதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலரான சம்பகீத்தாவும் இதே இனம்தான், அங்கேயும் குச்சி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. தாய்ச்செடியின் பூ எப்படியோ அப்படியேதான் பிள்ளையின் பூவும் இருக்கும். அடுக்கு மல்லியில் எடுத்த குச்சி அடுக்காகத்தான் பூக்கும். இணையத்தில் "மல்லிகை விதை" என்று விற்கும் பாக்கெட்டுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

குச்சி வைப்பது நல்லதா, பதியம் போடுவது நல்லதா?

வீட்டில் ஒரு செடி இருந்து, இன்னும் ஒன்றிரண்டு மட்டும் வேண்டுமென்றால் மண்பதியம்தான் (கிளையை வெட்டி எடுக்காமல், வளைத்து மண்ணில் புதைத்து வேர் விடவைப்பது) நல்லது. கிளை தாயோடு ஒட்டியிருப்பதால் நீர் தொடர்ந்து கிடைக்கும், இலை காயும் என்ற கவலையே இல்லை. இரண்டு மூன்று நாள் வெளியூர் போனாலும் பதியம் தாங்கும், குச்சி தாங்காது.

ஐந்து பத்து செடி வேண்டுமென்றாலோ, தாய்ச்செடி வேறு யார் வீட்டிலாவது இருந்தாலோ குச்சிதான் வழி. மூன்று செடி தேவையென்றால் பத்துக் குச்சி வையுங்கள். எவ்வளவு கவனித்தாலும் சில போகும்.

எந்த மாதத்தில் செய்யலாம்?

ஆனி முடிந்து காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும்போது ஆரம்பித்து, கார்த்திகை வரை செய்யலாம். ஆங்கில மாதக் கணக்கில் ஜூலை முதல் நவம்பர் வரை. அதிலும் புரட்டாசியும் ஐப்பசியும் மிக நல்ல மாதங்கள். ஐப்பசி அடைமழையில் தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனி முதல் வைகாசி வரை வேண்டாம். அப்போது செடி தன் சேமிப்பையெல்லாம் மொட்டில் கொட்டிக்கொண்டிருக்கும், வெயிலும் இலையை உறிஞ்சும். மார்கழி, தை மாதங்களில் கோவை, ஓசூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் வேர் விட இரட்டிப்பு நாள் ஆகலாம். மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் வேர் சீக்கிரம் வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். அப்போது வெட்டிப்போடும் தண்டுகளில் பத்திருபது நல்ல குச்சிகள் தேறும். குப்பைக்குப் போவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப்பட்ட கிளையைத் தேர்ந்தெடுப்பது?

குச்சி பட்டுப்போகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பிசகுவது இந்த இடத்தில்தான். கொழுந்தாக இருக்கிறதே, சீக்கிரம் வளரும் என்று நுனியைக் கிள்ளி வைப்பார்கள், அது இரண்டாம் நாளே தலை சாய்ந்துவிடும். இல்லையென்றால் அடித்தண்டை வெட்டி வைப்பார்கள். அது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், பிறகு காய்ந்துவிடும்.

கிளையின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். இளம்பச்சையாக, மெல்லிய பூனைமுடி படர்ந்த மாதிரி இருக்கும். அங்கிருந்து கீழே வர வர அந்த முடி உதிர்ந்து, பச்சை கொஞ்சம் மங்கி, தோலில் பழுப்பு ஓடத் தொடங்கும் ஒரு பகுதி வரும். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். பென்சிலைவிடச் சற்று மெல்லியதாக இருந்தால் போதும்.

மொட்டும் பூவும் உள்ள கிளையைத் தவிர்த்து, பூத்து ஓய்ந்த கிளையை எடுங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள், விட்டுவைத்தால் வேருக்குப் போக வேண்டிய சத்தை அது இழுத்துக்கொள்ளும். இலை சுருண்டது, இலையடியில் சிலந்தி வலை போல் செம்பேன் உள்ளது, கணுவில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி உள்ளது எதையும் தொட வேண்டாம். மூடி போட்டு வைக்கும்போது பூச்சியையும் சேர்த்து வளர்ப்பதாகிவிடும்.

வெட்டுவதற்கு முதல் நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வெட்டுங்கள். தண்டு முழுக்க நீர் நிறைந்திருக்கும் நேரம் அதுதான்.

குச்சியை எப்படி வெட்டுவது?

நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர், கணு மூன்று அல்லது நான்கு. கத்தரி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். புது பிளேடால் வெட்டுவது நல்லது. பிளேடை டெட்டால் நீரிலோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வெட்டு, கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். மல்லிகைக்கு வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். கணுவுக்குக் கீழே நீளமாக வால் விட்டால் அது வேர் விடாமல் அழுகி, அழுகலை மேலே ஏற்றும். மேல்வெட்டு, கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே.

இலைகளில் உச்சி ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். பிய்த்து இழுத்தால் தோல் உரிந்து வரும், அதனால் காம்போடு கத்தரித்துவிடுங்கள். வைத்திருக்கும் இரண்டு இலையையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். இலையே இல்லாமல் மொட்டைக் குச்சி வைப்பவர்களும் உண்டு, ஆனால் வேர் விடத் தேவையான உணவும் ஊக்கியும் இலையிலிருந்துதான் கீழே இறங்குகின்றன. முழு இலை இருந்தால் நீர் வற்றும், இலையே இல்லாவிட்டால் வேர் தாமதமாகும். பாதி இலை இரண்டுக்கும் நடுவிலான ஏற்பாடு.

வெட்டியதும் தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும்.

என்ன மண்ணில் நடுவது?

தோட்டத்து மண்ணும் எருவும் வேண்டாம். வேர் இல்லாத குச்சிக்கு உரம் பயன்படாது, மக்காத எரு பூஞ்சைக்குத்தான் விருந்து. ஈரத்தைப் பிடித்துக்கொண்டும் காற்றோட்டமாகவும் இருக்கும் கலவைதான் வேண்டும்: ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு கரடுமுரடான மணல். பெர்லைட் (மிக இலேசான வெள்ளைக் கல்துகள்) கிடைத்தால் மணலுக்குப் பதில் அதைப் போடலாம், தொட்டி கனம் குறையும்.

மணல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலும் கிடைப்பது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட். அதை அப்படியே போட்டால் அதிலுள்ள கல்மாவு அடியில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கைந்து முறை அலசுங்கள். கடற்கரை மணல் கூடாது, உப்பு கொன்றுவிடும். கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஒரு கிலோ கலவைக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் அடியழுகல் குறையும். அதைப் போட்டுவிட்டு மேலே பூஞ்சணக்கொல்லி மருந்தை ஊற்றாதீர்கள். அந்த மருந்துகளில் பல, நீங்கள் போட்ட நல்ல பூஞ்சையையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பாத்திரம் எதுவானாலும் சரி, அடியில் நான்கு ஓட்டை இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்து அதற்கும் ஓட்டை போட்டு, அதே அளவுள்ள ஓட்டையிட்ட கறுப்பு டம்ளருக்குள் சொருகி வைத்தால் ஒரு வசதி உண்டு. வேர் வந்ததா என்று பார்க்கத் தோன்றும்போது, குச்சியைப் பிடுங்காமல் உள் டம்ளரை மட்டும் தூக்கிப் பார்க்கலாம்.

வேர் ஊக்கி மருந்து கட்டாயமா? தேன், கற்றாழை, மஞ்சள்தூள் போதாதா?

கட்டாயமில்லை. குண்டுமல்லி ஊக்கி இல்லாமலும் வேர் விடும். ஆனால் ஊக்கி வைத்த குச்சியில் வேர் சீக்கிரம் வரும், எண்ணிக்கையும் கூடும். பத்துக் குச்சி வைக்கிறவர் ஒரு சிறு பாக்கெட் வாங்கிவைப்பது நல்லது.

கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியின் சரக்கு இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. பாக்கெட்டில் இளந்தண்டு, நடுத்தரத் தண்டு, முற்றிய தண்டு என்று பிரித்திருந்தால் நடுத்தரத் தண்டுக்கானதை வாங்குங்கள். கொஞ்சம் பொடியைத் தனித்தாளில் கொட்டி, குச்சியின் ஈர அடியை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தொட்டு, விரலால் தட்டி உதிர்த்துவிடுங்கள். பாக்கெட்டுக்குள் குச்சியை நேராக விட்டால் மிச்சப் பொடியும் ஈரம் பட்டு வீணாகும். அதிகம் அப்பினால் அதிக வேர் வராது, அடி கறுத்து வெந்துவிடும்.

நாற்றங்கால்களில் 1000 பி.பி.எம். கரைசலில் நொடிக்கணக்கில் முக்கி எடுப்பார்கள். லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கு அது. ஐ.பி.ஏ. வெறும் தண்ணீரில் அந்த அளவுக்குக் கரையாது, ஆல்கஹால் வேண்டும். வீட்டுக்கு அந்த வேலை தேவையில்லை, பொடி போதும்.

தேனுக்கும் மஞ்சளுக்கும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும் குணம் உண்டு, வேரை வரவழைக்கும் சக்தி இல்லை. தேன் எறும்பையும் கூட்டிவரும். கற்றாழைச் சாறு வைத்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி மற்ற கவனத்தைக் குறைத்தால்தான் கெடுதல். இளநீரில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சை பிடிக்கும், ஊற்ற வேண்டாம்.

நட்ட பிறகு எங்கே, எப்படி வைப்பது?

கலவையை முதலில் நனைத்து வடியவிடுங்கள். பென்சிலால் ஓட்டை போட்டு, அதில் குச்சியை இறக்குங்கள். நேராகக் குத்தினால் அடியில் தொட்ட பொடி மேலேயே துடைபட்டுவிடும். கீழ்க்கணு இரண்டும் உள்ளே போக வேண்டும், இலை மண்ணைத் தொடக் கூடாது. சுற்றி விரலால் அமுக்கி, ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள்.

அடுத்து மூடி. இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, கவிழ்த்து மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு குச்சி இருந்தால் பெரிய பாலித்தீன் பைக்குள் தட்டோடு வைத்து வாயைக் கட்டலாம். மறுநாள் காலை பாட்டிலின் உட்சுவரில் பொடிப்பொடியாக நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. துளிகள் ஒன்று சேர்ந்து கோடாக வழிந்தால் ஈரம் அதிகம், பாட்டில் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். சுவர் உலர்ந்திருந்தால் லேசாகத் தெளியுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாற்ற வேண்டும்.

இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், நேர் வெயில் படக் கூடாது. வடக்குப் பார்த்த பால்கனி, மரத்தடி, 50 சதவீத நிழல்வலை எல்லாமே சரி. பாட்டில் மேல் நேர் வெயில் பட்டால் உள்ளே இருக்கும் குச்சி அரை மணியில் வெந்துவிடும். இருட்டறையும் ஆகாது. இலை வேலை செய்ய வெளிச்சம் வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

நாள் கணக்கு வேண்டாம். கலவையை விரலால் தொட்டுப் பாருங்கள். பிழிந்த துணி மாதிரி இருக்க வேண்டும். மூடி போட்டிருந்தால் வாரம் ஒருமுறை தெளிப்பதே போதும். மேலே பச்சைப் பாசி படிந்தாலோ, கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் மேலே பறந்தாலோ தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

வேர் விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துளிர் வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். குச்சியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சத்தைக்கொண்டே பத்துப் பதினைந்து நாளில் துளிர் கிளம்பிவிடும், அப்போது கீழே ஒரு வேர்கூட இருக்காது. அதைப் பார்த்து மகிழ்ந்து மூடியை எடுத்துவிட்டால் மூன்றாம் நாள் துளிரோடு சேர்ந்து குச்சியும் வாடும். இப்படி வீணாகிற குச்சிகள் நிறைய.

கீழே நடப்பது மெதுவான வேலை. முதல் இரண்டு மூன்று வாரத்தில் வெட்டிய வாயைச் சுற்றி வெள்ளையாக, ரவை ஒட்டிவைத்த மாதிரி ஒரு தடிப்பு உருவாகும். அது காயம் ஆறுவதன் அடையாளம், வேர் அல்ல. அதன் மேலிருந்தும் கணுவிலிருந்தும் பாலாடை நிறத்தில் நூல் போல வேர் நீளும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், குளிர்காலத்தில் எட்டு வாரம்கூட ஆகலாம். தண்டை இரண்டு விரலால் பிடித்து மிக லேசாக இழுத்தால் பிடிமானம் தெரியும். டம்ளரின் அடி ஓட்டையில் வேர்நுனி எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

இலை மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. குச்சி போய்விட்டதா?

அவசரப்பட்டுத் தூக்கிப்போடாதீர்கள். தண்டின் மேல் பகுதியில் நகத்தால் துளி சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, கணுவிலிருந்து துளிர் வரும். பழுப்பாக உலர்ந்திருந்தால் எடுத்துவிடலாம். நட்ட ஓரிரு நாளில் இலை தொங்கினால் மூடியில் கசிவு இருக்கிறது, அல்லது தண்டு மிக இளசு. இரண்டு மூன்று வாரம் கழித்து இலை மஞ்சளாக உதிர்ந்தால் அடியில்தான் பிரச்சினை, கலவை சொதசொதப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடி கறுத்து வழவழப்பாகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

கறுப்புக்கு மேலே இரண்டு கணுவாவது நல்ல பச்சையாக இருந்தால் முடியும். உள்வெட்டு சுத்தமான வெள்ளைப்பச்சையாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கரைத்து, அதில் இருபது நிமிடம் வைத்து, புதுக் கலவையில் நடுங்கள். பழைய கலவையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒரே தொட்டியில் பல குச்சி இருந்தால் அழுகியதை அன்றே எடுத்துவிட வேண்டும், பக்கத்துக் குச்சிக்குப் பரவ அதிக நேரம் ஆகாது.

மணிபிளாண்ட் மாதிரி தண்ணீர் பாட்டிலில் வைத்தால் வேர் வராதா?

சில நேரம் வரும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் கண்ணாடி இழை மாதிரி பட்டென்று ஒடியும், மண்ணுக்கு மாற்றியதும் பாதி செத்துவிடும். முயன்று பார்ப்பதென்றால் ஒரு கணு மட்டும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேர் 2 சென்டிமீட்டர் ஆனதுமே மண்ணுக்கு மாற்றி, பத்து நாள் மூடி போட்டு வையுங்கள்.

மண்பதியம் எப்படிப் போடுவது?

வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். தொட்டியில் வளரும் செடிக்கும் இது பொருந்தும்.

தரையை ஒட்டிப் படரும் கிளைகளில், ஓராண்டு வயதுள்ள, பென்சில் கனமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மல்லிகைக் கிளை தானே வளைந்து தரையைத் தேடும், எனவே கஷ்டமிருக்காது. தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஆறு அங்குலத் தொட்டி ஒன்றில் பாதி செம்மண், கால் பங்கு மணல், கால் பங்கு மக்கிய தொழு உரம் நிரப்பி வையுங்கள். கிளை தாயிடமிருந்து நீர் குடிப்பதால் இங்கே கொஞ்சம் உரம் இருந்தால் தப்பில்லை.

கிளை நுனியிலிருந்து சுமார் ஓர் அடி விட்டு, தொட்டி மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு கணுவைப் பாருங்கள். அந்த இடத்து இலைகளை நீக்குங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடை வைத்து, நுனியை நோக்கிச் சாய்வாக, கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நாக்கு மாதிரி வெட்டுங்கள். நாக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தீக்குச்சித் துண்டு ஒன்றை இடையில் செருகுங்கள். இலை தயாரித்த சத்து தோல் வழியாகக் கீழே இறங்கும்போது வெட்டிய இடத்தில் தடைபட்டுத் தேங்கும், அந்தத் தேக்கம்தான் வேரைக் கிளப்புகிறது. நீர் உள்தண்டு வழியாக ஏறுவது மட்டும் நிற்கக் கூடாது. அதனால் பாதிக்கு மேல் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பகுதியை மண்ணில் அழுத்தி, யு வடிவில் வளைத்த கம்பியால் பிடிக்கவைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் மூடி, ஒரு கல்லை வையுங்கள். கல் கிளையைப் பிடித்துக்கொள்ளும், அடியில் ஈரத்தையும் காக்கும். நுனிப்பகுதியை ஒரு குச்சியில் கட்டி நிமிர்த்துங்கள்.

பிறகு தாய்க்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றினால் போதும். இரண்டரை முதல் மூன்று மாதத்தில் வேர் நிறையும். பிரிக்கும்போது ஒரே வெட்டில் பிரிக்காதீர்கள். தாயின் பக்கமுள்ள தண்டை முதலில் பாதி வெட்டி, பத்து நாள் விட்டு, வாட்டம் இல்லையென்றால் முழுதாக வெட்டுங்கள். தொட்டியிலேயே வேர் விட்டிருப்பதால் பிடுங்கி நடும் வேலை இல்லை.

பதியம் தோற்பதற்கு வழக்கமான காரணம், மேல்மண் இடையிடையே முழுக்கக் காய்ந்துபோவது. புதிதாகக் கிளம்பிய வேர்முனை ஒருமுறை காய்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த காரணம், வாரந்தோறும் தோண்டிப் பார்ப்பது.

விண்பதியம் போடலாமா?

விண்பதியம் என்பது கிளையை மண்ணுக்குக் கொண்டுவராமல், அது இருக்கும் இடத்திலேயே வேர் விடவைப்பது. தரைக்கு வளையாத முற்றிய கிளைக்குப் போடலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலை வளையமாக உரித்து, உள்ளே வழுக்கும் பச்சைப் படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். அந்தப் படலம் மிஞ்சினால் தோல் மறுபடி கூடிவிடும், வேர் வராது. ஈரமான கோகோபீட்டை ஒரு கைப்பிடி வைத்துப் பாலித்தீனால் சுற்றி இரு முனையும் இறுக்கிக் கட்டுங்கள். ஆனாலும் மல்லிகைத் தண்டு மெல்லியது, தோல் உரிக்கும்போது ஒடிந்துவிடும், காற்றிலும் முறியும். மண்பதியம் போட வழியிருக்கும்போது இதற்குப் போக வேண்டாம்.

முல்லை, ஜாதிமல்லி, அடுக்கு மல்லிக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான். முல்லை கொடியாகப் படர்வதால் மண்பதியத்துக்கு மிக ஏற்றது, ஒரே கிளையைப் பாம்பு மாதிரி மேலும் கீழும் வளைத்து மூன்று இடத்தில் புதைத்தால் மூன்று செடி எடுக்கலாம். நாகர்கோவில், தோவாளைப் பக்கம் பிச்சி என்கிற ஜாதிமல்லிக்கு வேர் ஊக்கி வைப்பது நல்லது. ரோஜா மாதிரி கனமாகப் பூக்கும் அடுக்கு மல்லியில் இலைகள் ஒரு கணுவுக்கு மூன்றாக வரும், கணுக்கள் நெருக்கமாக இருக்கும், வளர்ச்சியும் மெதுவானது. அதில் குச்சியை விரயம் செய்யாமல் பதியமே போடுங்கள்.

வேர் விட்ட குச்சியை எப்போது தொட்டிக்கு மாற்றுவது?

வேர் 3 சென்டிமீட்டராவது நீண்டு, கிளை விட ஆரம்பித்த பிறகு. முதலில் மூடியைப் பழக்கிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள், அடுத்த இரண்டு நாள் மூன்று மணி நேரம், பிறகு பகல் முழுக்க. ஒரு வாரத்தில் மூடி தேவைப்படாது. மூடிக்குள் வளர்ந்த இலை ஈரக்காற்றுக்குப் பழகியது, திடீரென்று வெளியே வைத்தால் தாங்காது.

நேராகப் பெரிய தொட்டிக்குப் போகாதீர்கள். சின்ன வேர் குடிக்க முடியாத அளவு தண்ணீர் பெரிய தொட்டியில் தேங்கும், அழுகலில்தான் முடியும். ஐந்தாறு அங்குலப் பையில் இரண்டு மாதம், பிறகு 12 அங்குலத் தொட்டி. அதற்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. வெயிலையும் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படும் இடத்தில் வையுங்கள். நிழலில் வைத்த மல்லி இலையாகவே வளரும், பூக்காது.

புதுச்செடியின் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஏன்?

இரும்புச்சத்து ஏறவில்லை. போர்வெல் தண்ணீரும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் உள்ள வீடுகளில் மல்லிகைக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலைகள் முழுதுமே மஞ்சளாகி, வேரில் சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், அதிலிருந்து பதியன் எடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து குச்சி கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாங்குமா?

தாங்கும். அரை அடிக் குச்சிகளாக வெட்டாமல், இலையைக் குறைத்து முழுக் கிளையாகவே எடுங்கள். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை ஊதிக் கட்டுங்கள். வாழைமட்டை கிடைத்தால் அதற்குள் வைத்து நாரால் கட்டுவது இன்னும் குளுமை. பேருந்தில் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடியில் ஓர் அங்குலம் புதிதாக வெட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, பிறகு குச்சிகளாக்குங்கள். வெளிநாட்டுக்குப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்ல நினைக்காதீர்கள். பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாத செடியை விமான நிலையத்திலேயே பறித்து அழித்துவிடும்.

மதுரை மல்லிக் குச்சி வாங்கி வைத்தால் அதே மணம் வருமா?

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்து வயல்களுக்கு நாற்றுகள் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பகுதியிலிருந்து போகின்றன. தண்ணீர் தேங்காத அந்த மணற்பாங்கான மண் குச்சி வேர் விடுவதற்கு எவ்வளவு வாகானது என்பதை மேலே மண் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கிருந்து வரும் இராமநாதபுரம் குண்டுமல்லி ரகம்தான் பல நர்சரிகளில் மதுரை மல்லி என்ற பெயரில் கிடைக்கிறது. ஆகவே செடி அதேதான். மணமும் இதழின் தடிப்பும் மண்ணையும் வெயிலையும் பொறுத்தவை. நல்ல வெயிலில், தண்ணீர் தேங்காத செம்மண்ணில் வைத்தால் மணம் குறைவில்லாமல் இருக்கும்.

பதியன் செடி எப்போது பூக்கும்?

நட்ட ஆறு மாதத்தில் முதல் மொட்டுகள் வரும். சில குச்சிகள் வேர் விட்ட உடனேயே ஒன்றிரண்டு மொட்டு வைக்கும், அவற்றைக் கிள்ளிவிடுங்கள், மனம் வராவிட்டாலும். முதல் மூன்று நான்கு மாதம் நுனியையும் கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக்கிளைகள் பெருகும், மொட்டு வருவது அந்தப் புதுக்கிளைகளின் நுனியில்தான். ஐப்பசியில் வைத்த குச்சி சித்திரையில் விரல்விட்டு எண்ணும் அளவு பூக்கும். நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, ஒரு கூடை தொழு உரம் போட்டுவிட்டால், அடுத்த பங்குனியில் தலைக்கு வைக்கும் அளவுக்கு ஒரு முழம் கட்டலாம்.